எல்லைக்கோடும் ஆடுகளக்கோடும்

இங்கிலாந்து ஊரான பெரிக்கின் ரேஞ்சர்ஸ் கால்பந்துக் கழகம் ஸ்காட்லாந்து லீக்கில் ஆடுவது, இக்கரைக்கு அக்கரை பச்சை என்பதாலா?

பச்சையைவிடப் பக்கமே முக்கியம். நியூகாசிலைக் காட்டிலும் எடின்பரோ அவ்வூருக்கு அருகில் இருக்கிறது. 1967இல் ஸ்காட்டிஷ் கோப்பையில் கிளாஸ்கோ ரேஞ்சர்ஸை அக்கழகம் 1-0 என வீழ்த்தியபோது, கோலைத்தான் எண்ணினார்களேயன்றி எல்லையை எவரும் அளக்கவில்லை.

லீக் மாறும் முன் கழகம் யாரைக் கலந்தாலோசிப்பது நல்லது?

பயிற்சியாளரையும், அவருக்கு முன்பே பேருந்து ஓட்டுநரையும். பருவம் முழுவதும் ஒவ்வோர் அணியும் மற்றெல்லா அணிகளின் ஊருக்கும் சென்று ஆடும் தொடரே லீக் என்பதால், சிறு கழகத்தின் கையிருப்பு கோலில் கரைவதைவிட டீசலில் கரைவதே மிகுதி.

தாய்வீட்டுக்கு வர மறுத்த கழகம் உண்டா?

உண்டு. 1992இல் வேல்ஸ் தனக்கெனத் தேசிய லீக்கைத் தொடங்கியபோது அதில் சேர மறுத்த, இங்கிலாந்து லீக்கில் ஆடிவந்த வேல்ஸ் கழகமான கால்வின் பே, சொந்த ஊரில் ஆடத் தடை வந்ததால் ‘உள்ளூர்’ ஆட்டங்களை இங்கிலாந்தில் ஆடி, வழக்கில் வென்று ஊர் திரும்பியது. 2019இல் அதே கழகம் தானாகவே வேல்ஸ் அமைப்பில் சேர்ந்து, 2023இல் அதன் முதல் பிரிவுக்கு உயர்ந்தது. வழக்கில் வெல்ல வழக்கறிஞர் போதும். லீக்கில் உயர, கோல்தான் வேண்டும்.