கேலரி அண்ணன்

சேப்பாக்கத்தில் ஐபிஎல் ஆட்டம் என்றால் மஞ்சள் சட்டைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஒவ்வொரு ரசிகர் கூட்டத்துக்கும் அண்ணன் ஒருவர்தான். டிக்கெட் பிடித்துத் தருவது, விசில் விநியோகிப்பது, உண்மையான ரசிகர் யார் என்று தீர்ப்புச் சொல்வது எல்லாம் அவர் இலாகா. புதிதாக ஒரு பையன் சேர்ந்தால் "வா மச்சி" என்பதோடு சரி. பெண்ணுக்கு மட்டும் நுழைவுத் தேர்வு உண்டு.

"சிஸ்டர், எல்பிடபிள்யூன்னா என்ன, சொல்லுங்க பார்ப்போம்."

சரியாகச் சொல்லிவிட்டால் அவர் முகம் வாடிவிடும். அடுத்த கேள்வி: "ஒருநாள் போட்டியில முதல் டபுள் செஞ்சுரி?" சச்சின், குவாலியர், 2010 என்ற விடையை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருந்தவரிடம், ஒரு கல்லூரிப் பெண் "பெலிண்டா கிளார்க், 1997, மும்பை, டென்மார்க்குக்கு எதிரா 229 நாட் அவுட்" என்றாள். அண்ணன் சற்று யோசித்தார். "அது லேடீஸ் கணக்கும்மா." இதே சேப்பாக்கத்தில் 2024 ஜூனில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஷஃபாலி வர்மா டெஸ்டில் அடித்த 205-உம் அந்தக் கணக்கில்தான் போயிருக்க வேண்டும். அண்ணன் அன்று அந்தப் பக்கமே வரவில்லை.

தேர்வில் தேறியவளுக்குப் பாதுகாப்பு வழங்கப்படும். அதற்கு போன் நம்பர் அவசியம். ஆட்டம் முடிய 11.30 ஆகும். பறக்கும் ரயிலோ மெட்ரோவோ பிடித்து வீடு சேர்வதற்குள் "ரீச் ஆயிட்டியாம்மா?" வந்துவிடும். பிறகு "சாப்ட்டியா?" ஒரு மணிக்கு மேல், "அந்த மஞ்சள் சுடிதார் உனக்கு எடுப்பா இருந்துச்சு." அதே இரவில் மச்சி ஒருவன் வண்டி பஞ்சராகி வாலாஜா சாலையில் நின்றபோது அண்ணன் போனையே எடுக்கவில்லை.

சிக்ஸர் பறந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கட்டிப்பிடிப்பது கேலரி வழக்கம் என்பார். யார் எந்த சீட்டில் உட்கார வேண்டும் என்று ஒதுக்குபவரும் அவரே. பெண்கள் இதைப் புரிந்துகொள்ள இரண்டு ஓவர் போதும். புதிதாக வருகிறவளுக்கு ஆஃப் சைடு, லெக் சைடெல்லாம் பிறகுதான் சொல்லித் தருவார்கள். அண்ணனுக்கு எந்த சைடிலும் உட்காராதே என்பது முதல் பாடம். நடுவில் யாருடைய தம்பியையாவது திணித்துவிடுவார்கள். போன சீசன் முழுக்க அண்ணன் கட்டிப்பிடித்தது ஒரு பிளஸ் டூ பையனைத்தான்.

வாசல் நெரிசலில் எவனோ இடுப்பைக் கிள்ளிவிட்டான் என்று ஒருத்தி கொதித்தபோது, "கூட்டம்னா அப்படி இப்படித்தான் இருக்கும், பெருசு பண்ணாதம்மா" என்று தத்துவம் சொன்னார். அன்று அம்பயர் ஒரு வைடு தரவில்லை. அதற்கு மறுநாள் மதியம்வரை அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

புகார்கள் பெருகியதும் அவரே முன்வந்து பெண்கள் பாதுகாப்புக் குழு அமைத்தார். தலைவர் அண்ணன், உறுப்பினர்கள் மூன்று மச்சிகள். ஒரு பெண்ணையாவது சேர்க்கலாமே என்று கேட்டதற்கு, "அவங்களுக்கு எதுக்குங்க வீண் சிரமம்?" என்றார். முதல் தீர்மானம், பெண்கள் எல்லோரும் இனி தலைவருக்கு அருகிலேயே அமர வேண்டும்.

பெண்கள் வேறு ஸ்டாண்டில் தனியாக டிக்கெட் எடுத்துவிட்டார்கள். அண்ணன் இப்போது பைனாகுலர் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார், பாதுகாப்புக்காகத்தான்.