ஒரு மனைக்கு மூன்று விலை

வீட்டுமனைத் தொழிலில் புதிதாக இறங்குபவர், 435.6 சதுர அடி ஒரு சென்ட் என்றும் 2,400 சதுர அடி ஒரு கிரவுண்டு என்றும் அளவில் இம்மி பிசகாத இத்துறை, தூரத்தை மட்டும் நிமிடத்தால் அளப்பதைக் கண்டு திகைப்பது இயல்பே. மதுராந்தகத்தை ஒட்டிய மனைப்பிரிவு செங்கல்பட்டிலிருந்து பத்தே நிமிடம் என்று துண்டறிக்கை சொல்லும்போது, எந்த வாகனத்தில் என்று கேட்பது நாகரிகமாகாது.

ஞாயிறுதோறும் சென்னையிலிருந்து புறப்படும் இலவச வேன், சாலைக்கு முன்பே எழும்பிவிட்ட நுழைவாயில் வளைவொன்றின் கீழ் அவரை இறக்கிவிடுகிறது. எண் எழுதிய கற்கள், மஞ்சளும் சிவப்புமாகக் கொடிகள், அவற்றினூடே கவலையின்றி மேயும் ஆடுகள் ஆகியவற்றைத் தாண்டிப் பந்தலை அடைந்தால், விற்ற மனைகளுக்குச் சிவப்புப் பொட்டு வைத்த வரைபடம் தொங்கும். அவர் விரல் வைக்கும் கிழக்குப் பார்த்த மனை அன்று காலையில்தான் முன்பதிவாகியிருக்கும். ஆயினும் அந்தப் பார்ட்டியிடம் பேசிப் பார்ப்பதாகத் தரகர் தொலைபேசியுடன் வேப்பமரத்தடிக்கு ஒதுங்குவார், பிரியாணி பரிமாறி முடிவதற்குள் பார்ட்டி மனம் மாறியிருப்பார்.

அடுத்தது காகிதம். இன்றைய உரிமை எந்தப் பழைய பத்திரத்திலிருந்து கிளைத்ததோ அது தாய்ப்பத்திரம்; நிலம் யார் பெயரில் உள்ளது என்று வருவாய்த்துறை காட்டுவது பட்டா; சார்பதிவாளர் அலுவலகத்தில் அச்சொத்தின்மீது பதிவான விற்பனை, அடமானம் முதலியவற்றின் பட்டியல் வில்லங்கச் சான்று. பதிவாகாத வில்லங்கங்கள், அதாவது முன்பணம் கைமாறியதும் பங்கு கேட்டு வந்து நிற்கும் சித்தப்பா வகையறா, இச்சான்றில் இடம்பெறுவதில்லை.

இத்துறையின் உச்சகட்ட அற்புதம், ஒரே மனைக்கு ஒரே வேளையில் மூன்று விலை இருப்பதுதான். உரிமையாளர் வாயால் சொல்வது ஒன்று. தெருவுக்கும் புல எண்ணுக்கும் அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு மற்றொன்று. கடன் தரும் வங்கியின் மதிப்பீட்டாளர் உதட்டைப் பிதுக்கியபடி எழுதுவது இன்னொன்று. முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று கணக்கு வந்தவுடன், முந்தின நாள் டீக்கடையில் பொன் விளையும் பூமியாக இருந்த இடம், பத்திர எழுத்தர் முன்னிலையில் கள்ளி முளைக்கும் தரிசாகிவிடுகிறது. தரகர் மட்டும் கொள்கைவாதி. தமது 2 சதவீதத்தை மூன்றில் பெரிய தொகைக்கே கணக்கிடுவார்.

வாங்கியவர் விற்க முற்படுகையில் நிலத்தின் இயல்பே மாறிவிடும். ஏரிப்பக்கம், மழைக்குத் தாங்காது என்று அவரே விலையைக் குறைத்துக் கேட்ட மனையில் இப்போது ஏரிக்காற்று வீசத் தொடங்கும்.

வாடகைக்கு விடுவது இவற்றினும் நுட்பமானது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொன்னதால், தமிழ்நாட்டு வாடகை ஒப்பந்தங்களுக்கு ஆண்டொன்றுக்கு 11 மாதங்கள்தாம். 2019இல் நடைமுறைக்கு வந்த மாநில வாடகைச் சட்டம், எல்லா ஒப்பந்தங்களையும் எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதியச் சொன்னதோடு, வேறு விதமாக ஒப்புக்கொண்டாலொழிய முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டலாகாது என்றும் வரையறுத்தது. பத்து மாத முன்பணம் என்னும் சென்னை வழக்கம் அந்த 'ஒழிய'வில் சௌகரியமாகக் குடியேறிக்கொண்டது. வீட்டைக் காலி செய்கையில் அதிலிருந்து ஒரு மாத வாடகை வெள்ளையடிக்கும் செலவுக்கென்று பிடிக்கப்படும். அடுத்த குடித்தனக்காரர் பார்க்க வரும்போது பழைய சுண்ணாம்பும் பழைய ஆணிகளும் அப்படியே இருக்க, படம் மாட்ட எவ்வளவு வசதி பாருங்கள் என்று வீட்டுக்காரர் அந்த ஆணிகளைச் சுட்டிக்காட்டுவார்.