பொருள் எண் 21 தொடர்பாக ஒரு பணிவான விண்ணப்பம்

ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறையின் மேன்மைமிகு அலுவலர்களுக்கு,

ஆண்டுக்கு ஆறு கிராம சபைகளுக்கும் தவறாமல் கூட்டப் பொருள் அனுப்பிவைக்கிறீர்கள், நன்றி. குடிநீர், தெருவிளக்கு, கொசு ஒழிப்பு எதுவும் விடுபடுவதில்லை. யாராவது எழுந்து, ஊராட்சி நிதியில் கூத்துக்கு ஏதேனும் ஒதுக்கலாமே என்று கேட்டால் மட்டும் ‘இதர பொருளில் பார்க்கலாம்’ என்கிறார்கள். இதர பொருள் வருமுன் டீ வந்துவிடுகிறது. 1992இன் 73ஆவது திருத்தம் அரசியலமைப்பில் சேர்த்த பதினோராம் அட்டவணையில், ஊராட்சிகளுக்குரிய 29 பொருள்களில் 20ஆவது நூலகம், 22ஆவது சந்தையும் திருவிழாவும். இடையே 21ஆவதாகப் பண்பாட்டு நடவடிக்கைகள் என்று இருப்பதை அச்சுக்கோத்தவரின் கைப்பிழையாகத் துறை கருதுகிறதோ என்னவோ. இவற்றை மாநிலம் ஊராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்றுதானே இருக்கிறது, கட்டாயம் இல்லையே என்பீர்கள். சரிதான். 11ஆவதாக உள்ள குடிநீருக்கும் அதே தளர்ச்சிதான். அதைக் காட்டி யாரும் குழாயை மூடவில்லை.

கலைக்குக் கொடுக்கப் பணமில்லை என்ற பேச்சைத்தான் நம்ப முடியவில்லை. டெங்கு, நெகிழிப்பை, வாக்குரிமை என்று எதைச் சொல்ல வேண்டுமானாலும் அரசுக்குக் கலைக்குழு வேண்டியிருக்கிறது. மத்திய அரசு 1954இலேயே பாடலுக்கும் நாடகத்துக்கும் தனிப்பிரிவு வைத்துத் தன் திட்டங்களைப் பரப்பத் தொடங்கிவிட்டது. ஆக, கூத்தின் கட்டியங்காரன் கொசுவைப் பற்றிப் பேசினால் செலவுக்குத் தலைப்பு கிடைக்கிறது. துரியோதனனைப் பற்றிப் பேசினால் கிடைப்பதில்லை. கொசுவைப் பற்றிக் கேட்கவும் கூட்டம் உட்கார்ந்திருக்கிறது என்றால், அது துரியோதனனுக்காக விடிய விடிய உட்கார்ந்து பழகிய கூட்டம் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா? முதலைத் தின்றுவிட்டு வட்டி எதிர்பார்க்கிறது துறை. வருவாய் இல்லையென்றும் சொல்ல முடியாது. சினிமா டிக்கெட்டில் ஜிஎஸ்டிக்கு மேல் உள்ளாட்சிகளுக்குக் கேளிக்கை வரி வசூலிக்க 2017இல் தனிச் சட்டமே வந்தது. கேளிக்கையிலிருந்து எடுக்கத் தெரிந்த கைக்கு, அதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கவும் தெரிந்திருக்கலாம்.

பார்க்க விரும்புகிறவர்கள் காசு கொடுத்துப் பார்க்கட்டுமே என்பது அடுத்த தடை. படிக்க விரும்புகிறவர் புத்தகத்தை வாங்கிக்கொள்ளட்டும் என்று 1948இல் நினைத்திருந்தால், சொத்துவரியோடு நூலக வரியும் வசூலிக்கும் பொது நூலகச் சட்டம் இங்கே வந்திருக்காது. கோயில் திருவிழாவில்தான் கூத்து நடக்கிறதே என்பார்கள். நடக்கிறது, தலைக்கட்டு வரியில் நடக்கிறது. அந்த வரியை யாரிடம் வாங்குவது, யாரிடம் வாங்காமல் விடுவது என்று தீர்மானிப்பவர்களே யார் எங்கே உட்காருவது என்பதையும் தீர்மானிக்கிறார்கள். ஊராட்சிப் பணத்தில் போடும் மேடைக்குத்தான் ஊரும் காலனியும் ஒரே அளவு உரிமை கோர முடியும். பொதுநிதி கேட்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை. அரசுப் பணம் வந்தால் அரசின் குரலும் சேர்ந்து வருமே என்ற அச்சம் நியாயமானது. அதற்குத்தான் தலைவர் படமும் திட்ட வாசகமும் இல்லாத ஓர் இரவைக் கேட்கிறோம். ஆடும் கதையைத் தேர்ந்தெடுப்பது கூத்தாடிகளின் வேலையாக இருக்கட்டும்.

2025இல் கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கும் டெல்லி பத்மஸ்ரீ கொடுத்தது. டெல்லி வரை தெரிந்த கலை ஊராட்சிக் கணக்கில் தெரியாமல் இருப்பதற்கு, வேலையை அளந்து பதியும் எம்-புத்தகத்தில் அழுகைக்கும் சிரிப்புக்கும் கன மீட்டர் கணக்கு இல்லாததுதான் காரணம் என்றால், அந்தச் சிக்கல் எங்களுக்குப் புரிகிறது. ஒரு மேடை, ஒரு குழு, ஓர் இரவு என்று மொத்தமாகப் பதிந்துகொள்ளலாம். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாதென்ற விதியும் தடையில்லை. பதினெட்டாம் போர்க் கூத்தைப் பத்து மணிக்குள் முடிப்பது கிருஷ்ணனாலும் ஆகாது. ஆனால் மைக் வருவதற்கு முன்பும் அதை ஆடியவர்கள்தான் கூத்தாடிகள், இப்போதும் மைக் இல்லாமல் ஆடிவிடுவார்கள். கூலி இல்லாமல் ஆடச் சொல்லும் விதி மட்டும் எந்த அரசாணையில் இருக்கிறது என்று தெரிவித்தால் நலம்.

இப்படிக்கு,
வீட்டு வரி பாக்கி இல்லாத ஒருவர்