எமகண்டத்தில் அப்டேட்: லூமுட் சர்வர் ஒன்றை முன்வைத்து ஓர் ஆய்வு

சர்வர் பார்த்துப் பிழைப்பவர்களுக்கு உலகம் முழுவதும் ஒரே விதி: வெள்ளிக்கிழமை மாலையில் அப்டேட் போடாதே. உடைந்தால் சனி ஞாயிறு போச்சு என்று காரணம் சொல்வார்கள். மேலோட்டமான விளக்கம். வெள்ளி 3:00 முதல் 4:30 வரை எமகண்டம் என்று நாள்காட்டியில் அச்சிட்டிருப்பதை அறிவுலகம் இன்னும் கண்டுகொள்ளவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

ஆய்வுக்களம், மலேசியாவில் லூமுட் படகுத்துறைக்குப் பக்கத்தில் என் மச்சானின் இரும்புக் கடை. ஆய்வுப்பொருள், பின்னறையில் முருகன் படத்துக்கு நேர் கீழே, ஊதுபத்திச் சாம்பல் விழும் தூரத்தில் இருக்கும் டெபியன் லினக்ஸ் சர்வர். பில், சரக்குக் கணக்கு, யார் எவ்வளவு பாக்கி, எல்லாம் அதற்குள்.

முதலில் சான்றுகள். 2017 மே 12, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னகிரை வைரஸ். ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்துவிட்டது. நாளைக்குப் பார்க்கலாம் என்றிருந்தவர்கள் மாட்டினார்கள். 2024 மார்ச் 29, எக்ஸ்இசட். கோப்பைச் சுருக்கும் அந்த மென்பொருளில் ஒளித்துவைத்த பின்கதவை ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் அம்பலப்படுத்தினார். எஸ்எஸ்எச் லாகின் அரை விநாடி இழுக்கிறதே என்று துருவிய மனிதர் அவர். டெபியனின் அன்ஸ்டேபிள், டெஸ்டிங் கிளைகளில் அது நுழைந்திருந்தது, ஸ்டேபிளுக்கு வரவில்லை. 2024 ஜூலை 19, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம். ஒரே மூச்சில் எல்லாருக்கும் அனுப்பிய கோப்பு ஏறக்குறைய 85 லட்சம் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. முதலும் கடைசியும் விண்டோஸ் விவகாரம்தான். ஆனாலும் சான்று சான்றே. பிந்தியவர், முந்தியவர், கும்பலாய்ப் போனவர் என மூவகையாருக்கும் கேடு. மூன்று நாளும் வெள்ளிக்கிழமை.

அன்ஸ்டேபிள் கிளைக்கு நிரந்தரப் பெயர் சிட். டாய் ஸ்டோரி படத்தில் பொம்மைகளை உடைக்கும் பக்கத்து வீட்டுப் பையன் அவன். பெயர் வைத்தவர்கள் எதையும் மறைக்கவில்லை. ஸ்டேபிளில் பெரும்பாலும் புதுப் பதிப்பு வராது, பழையதிலேயே ஓட்டையை அடைத்துத் தருவார்கள். சித்தியவான் பக்கத் தோட்டத்தில் பால் வெட்டிய என் பாட்டிக்கு இது சட்டென்று புரிந்திருக்கும். பட்டையை மட்டும் சீவு. கத்தி மரத்தில் இறங்கினால் முண்டு விழும், அப்புறம் அந்த இடத்தில் வெட்ட முடியாது.

இனி நேர ஆய்வு. தானாக அப்டேட் போடும் ஏற்பாடு டெபியனில் காலை 6:00க்கும் 7:00க்கும் இடையில் ஏதோ ஒரு நிமிடத்தில் ஓடும். ராகு காலம் எந்த நாளும் 7:30க்கு முன் தொடங்குவதில்லை, நிம்மதி. ஆனால் வியாழன் 6:00 முதல் 7:30 வரை எமகண்டம். சரி, சர்வர் கடிகாரத்தை யுடிசியில் விட்டால்? அப்போது லூமுட்டில் பிற்பகல் 2:00 முதல் 3:00. வியாழனில் அது ராகு காலம். வியாழனுக்கு எப்படியும் போக்கிடமில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். நாள்காட்டிக் கணக்கு சூரியன் 6:00க்கு உதிப்பதாகக் கொண்டது. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பக் கடிகாரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டதால், நமக்கு விடிவதே 7:00ஐத் தாண்டித்தான். இதனால் அறிஞர் அச்சுப் பள்ளி, சூரியப் பள்ளி என இருவகைப்படுவர். கிரவுட்ஸ்டிரைக் கோப்பு கிளம்பியது நம் நேரம் 12:09. அச்சுப் பள்ளிப்படி ராகு காலம் முடிந்து 9 நிமிடம் ஆகிவிட்டது. லூமுட் சூரியன்படி அன்று ராகு காலம் சுமார் 11:50க்குத்தான் தொடக்கம். சூரியப் பள்ளியே வென்றது என்பது என் துணிபு.

மச்சான் அச்சுப் பள்ளிக்காரர். அதற்கும் காரணம் உண்டு. டெபியன் 11லிருந்து 12க்கு நான் ஏற்றியது ஒரு வெள்ளிக்கிழமை, 3:40க்கு. நடுவில் அது ஒரு கேள்வி கேட்டது: பிரிண்டர் அமைப்புக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், புதுசைப் போடவா? போடு என்றால் ஒய், பழையது இருக்கட்டும் என்றால் என். சும்மா எண்டரைத் தட்டியிருந்தாலே பழையது தங்கியிருக்கும். நான் மரியாதைக்கு ஒய் தட்டினேன். புதுக் கோப்பு சர்வரோடு மட்டும் பேசும். கல்லாவிலிருக்கும் கணினியை அதற்குத் தெரியாது. "மச்சான், பில்லு வரல லா!" பங்கோர்த் தீவுக்காரர் ஒருவர் பிவிசி குழாயைத் தோளில் வைத்தபடி, படகுக்கு நேரமாச்சு என்று நின்றார். பழைய கோப்பை டெபியன் அழிக்காமல் பெயர் மாற்றிப் பக்கத்திலேயே வைத்திருந்ததைக் கண்டுபிடிக்க 5:10 ஆயிற்று. அதற்குள் கையால் எழுதிய பில்லோடு குழாய் கடல் தாண்டிவிட்டது.

இப்போது புதன் காலை 10:30, இரு பள்ளியும் ஒப்பும் நேரம். முதலில் பேக்கப், பிறகு என்னென்ன மாறப்போகிறது என்ற பட்டியல், அதன்பிறகே அப்டேட். மச்சான் நாள்காட்டித் தாளைக் கிழித்துச் சர்வர்மேல் ஒட்டி, அடியில் மார்க்கரால் எழுதியும் வைத்திருக்கிறார்: கேட்டால் என்னை மட்டும் அமுக்கவும். போன வாரம் கடைக்குப் புதிதாக வந்த பையன் அதைப் படித்துவிட்டு, சர்வரின் பவர் பட்டனை அமுக்கிவிட்டான்.