வாரமா, குத்தகையா?

பொண்ணைக் குடுத்தவன் புத்தியையும் சேர்த்துக் குடுக்கணும்னு எந்தப் பத்திரத்துல எழுதியிருக்கு, மருமகனே? தங்கச்சி மகனாச்சேன்னு பொண்ணைக் குடுத்தேன். நீ என்னடான்னா வாரம் தவறாம பைக்கை நிப்பாட்டிட்டு, திண்ணையில உக்காந்து, "மாமா, ஒரு யோசனை"ங்கிற. போன தடவை செல்போனுக்கு யோசனை கேட்டே. வேண்டாம்னேன். மறுவாரமே அதை வாங்கி எங்கிட்டதான் முதல்ல காட்டினே. இப்ப இன்சூரன்ஸு. பரவாயில்ல, கேக்குற மரியாதையாவது மிச்சம் இருக்கு.

ரெண்டு தாளையும் இங்கிட்டுக் கொடு. அந்தக் கண்ணாடியையும் எடு. விருதுநகர் பேட்டையில முப்பது வருஷம் வத்தல் தரகு பாத்தவன் நான். மூடையோட மேல்வாயில கெடக்குற வத்தலைப் பாத்து விலை சொன்னவன் எவனும் தேறுனதில்ல. அடியில கையை விட்டு அள்ளிப் பாக்கணும். இந்தத் தாளும் மூடைதான். மேல்வாயில அப்பா, அம்மா, ரெண்டு பிள்ளை, பல்லைக் காட்டிச் சிரிக்குது. அடியில எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. கம்பெனிக்காரன் சரக்கை எப்பவும் அங்கதான் வைப்பான்.

மொதல்ல உனக்கு எதுக்கு இந்தத் தாள் தேவைப்பட்டுச்சுன்னு பாப்போம். ஆவணியில சம்பளம் 20,000 லேருந்து 23,000 ஆச்சுன்னு பால்கோவா வாங்கிட்டு வந்தே. நான் தின்னுக்கிட்டே சிரிச்சேன், ஞாபகம் இருக்கா? பால்கோவா இனிப்புக்குச் சிரிச்சேன்னு நினைச்சிருப்பே. ஈ.எஸ்.ஐ.க்கு வரம்பு 21,000. 2017 ஜனவரியில 15,000 லேருந்து ஏத்துனது. அதைத் தாண்டுனா நீ வசதிக்காரன்னு அர்த்தமாம்! உன் சம்பளத்துல முக்கால் சதவீதம், 150 ரூபாய் பிடிப்பாங்க. அச்சாபீஸ் முதலாளி மூணேகால் சதவீதம் போடுவாரு. அதுக்கு நீ, என் மக, பிள்ளைக, என் தங்கச்சி எல்லாருக்கும் சிவகாசி ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில வைத்தியம். கோ-பேயும் கிடையாது, டிடக்டிபிளும் கிடையாது. "அங்க கூட்டம் மாமா, வரிசையில நிக்க முடியல"ன்னு மொகத்தைச் சுளிச்சே. இப்ப 3,000 கூடுனதுக்கு வரிசையே இல்லாம வெளிய நிக்கிறே.

ஆனா ஒண்ணு, உன் கணக்குப்பிள்ளையும் சொல்லியிருக்க மாட்டான். பாதியில சம்பளம் ஏறுனா உடனே பேரை அடிக்க மாட்டாங்க. ஏப்ரல் லேருந்து செப்டம்பர் 30 வரைக்கும் ஒரு சந்தாக் காலம். அது முடியிற வரைக்கும் பிடிச்சாகணும். அந்தக் காலத்துல 78 நாள் சந்தா சேந்திருந்தா, அதுக்கான பலன் அடுத்த ஜனவரி 1 லேருந்து ஜூன் 30 வரைக்கும் உண்டு. ஆக உனக்கு அவகாசம் இருக்கு. புதுத் தாள்ல மொத 30 நாளைக்கு விபத்தைத் தவிர எதுக்கும் காசு வராது. அந்த 30 நாளை ஈ.எஸ்.ஐ. நிழல்லயே கழிச்சிரு. குடை விரியிறதுக்கு முந்தி கூரையை விட்டு எறங்காதே.

என்னது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையா? 2009-ல கலைஞர் பேர்ல வந்து, 2012-ல முதலமைச்சர் திட்டம்னு மாறி, இப்ப வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் போயிருக்கு. நல்ல அட்டைதான். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000-க்குள்ள இருக்கணும். உன் வருமானம் 2,76,000. வி.ஏ.ஓ.கிட்டப் போய் அதைப் பாதியா மடிச்சுத் தரச் சொல்லலாமான்னு உன் முழி கேக்குது. வேண்டாம். ஈ.எஸ்.ஐ. கணக்குல ஏழை, பொண்ணு கேக்க வந்தப்ப பணக்காரன், இப்ப மறுபடியும் ஏழையா? ஒரு சம்பளத்துக்கு எத்தனை வேஷம்யா?

சரி, தாளுக்கு வருவோம். ரெண்டுமே 10 லட்சத்துக்கு. மொதத் தாள்ல 20 சதவீதம் கோ-பே. ரெண்டாவதுல 50,000 டிடக்டிபிள். ஏஜெண்டு தம்பி இங்கிலீசுல அரைமணி நேரம் விளக்குனானாம், நீயும் தலையை ஆட்டுனியாம். என் தங்கச்சி உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனதே இந்தத் தலையாட்டலுக்குத்தான் போல. நம்ம கரிசக்காட்டுல இதைத்தான வாரம், குத்தகைன்னு சொல்றோம்?

கோ-பேங்கிறது வாரம். வெளைஞ்சதுல அஞ்சுல ஒரு பங்கு உன் தலையில. பில் ஒரு லட்சம் வெளைஞ்சா உனக்கு 20,000. அஞ்சு லட்சம் வெளைஞ்சா ஒரு லட்சம். பத்து லட்சம் வெளைஞ்சா ரெண்டு லட்சம். டிடக்டிபிள்ங்கிறது குத்தகை. மழை பேஞ்சாலும் காஞ்சாலும் உன் பங்கு 50,000 தான். பில் அதுக்குள்ள நின்னா அம்புட்டும் உன்னது, கம்பெனிக்காரன் எட்டிக்கூடப் பாக்க மாட்டான். அதைத் தாண்டுனா மிச்சத்தை அவன் பாத்துக்குவான். விரல்விட்டு எண்ணிப் பாரு. ரெண்டரை லட்சத்துல ரெண்டும் சமம். அதுக்குக் கீழ வாரம் லாபம், மேல குத்தகை லாபம்.

"அப்ப சின்னச் சின்ன செலவுக்கு வாரம்தான மாமா நல்லது?" அப்படித்தான் நானும் நினைச்சேன். நினைச்சு வாங்கிக் கட்டிக்கிட்ட கதை உனக்குத் தெரியாது, உங்க அத்தை வெளிய விடல. பித்தப்பைக் கல்லுக்கு மதுரையில ஒரு பெரிய ஆஸ்பத்திரியில படுத்தேன். பேரு எதுக்கு? என் தாளுக்கு நாளுக்கு 3,000 ரூபாய் ரூம். பாக்க வர்ற சம்பந்தி வீட்டுக்காரங்க எங்க உக்காருவாங்கன்னு அத்தை கேட்டா. சோபா போட்ட 6,000 ரூபாய் ரூமுக்கு மாறுனோம். சோபாவுக்கு நாலு நாளைக்கு 12,000 கூடன்னுதான் கணக்குப் போட்டேன். தரகுக்காரன் புத்தி!

பில் 1,40,000. ரூம் வாடகை 24,000, ஆபரேசன், டாக்டர், நர்சு வகையில 76,000, மருந்தும் பரிசோதனையும் 40,000. நீ பாதித் தகுதிக்காரன், இரு மடங்கு ரூம்ல படுத்துட்டேன்னு ரூமைப் பாதியாக்கினான். அதோட விட்டானா? ஆபரேசன் கூலியையும் பாதியாக்கினான். மருந்து, பரிசோதனையில அப்படிப் பாதியாக்கக் கூடாதுன்னு இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் சொல்லியிருக்கிறதால அது தப்பிச்சுது. ஆக 12,000, 38,000, 40,000. மொத்தம் 90,000. அதுக்கு மேல வாரம் 20 சதவீதம், 18,000 கழிச்சான். கைக்கு வந்தது 72,000. என் பையிலேருந்து போனது 68,000. இத்தனைக்கும் சம்பந்தி வீட்டுக்காரங்க வந்து, சோபாவுல உக்கார நேரமில்லைன்னு நின்னுக்கிட்டே பாத்துட்டுப் போனாங்க. அதனால எந்தத் தாள் எடுத்தாலும் ரூம் வாடகைக்கு வரம்பு இல்லாததா எடு. முடியலைன்னா வரம்புக்குள்ள படு.

இப்ப கொஞ்சம் சிரிப்பை நிறுத்திட்டுக் கேளு. நம்ம ஊர்ல தீக்காயம்னா என்னன்னு உனக்கு நான் சொல்ல வேண்டாம். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிச்சு ஏறக்குறைய 40 உயிர் போச்சு. புகையை இங்கிருந்தே பாத்தோம். போனவங்க கணக்கைப் பேப்பர்ல போட்டான். கருகித் தப்பிச்சவங்க ஆஸ்பத்திரிக்கு நடந்த நடையை எவன் போட்டான்? தீக்காயம் ஒரு பில்லோட தீராது. தோல் எடுத்து ஒட்டணும், ஆறணும், சுருங்குன கையை விரிக்க மறுபடி அறுக்கணும். ஒரு வருஷத்துல மூணு தடவை படுக்க வேண்டி வரலாம். அங்கதான் குத்தகைத் தாளோட அடிமூடை இருக்கு. அந்த 50,000-ஐ வருஷத்துக்கு ஒருக்க கழிக்கிறானா, படுக்குற தடவைக்கெல்லாம் கழிக்கிறானா? தடவைக்குத் தடவைன்னா, 40,000 வீதம் மூணு பில் வந்தாலும் உனக்கு ஒரு பைசா வராது. வருஷத்துக்கு ஒருக்கன்னா 1,20,000-ல 50,000 போக 70,000 வரும். டாப்-அப், சூப்பர் டாப்-அப்னு ஏஜெண்டு சொன்னதுல அந்த 'சூப்பர்' ஏதோ சினிமா விளம்பரம்னு நினைச்சிராதே. பெரும்பாலும் இந்த வித்தியாசம்தான் அது. தாள்ல 'வருஷ மொத்தத்துக்கு'ன்னு இருக்கான்னு விரலை வச்சுக் காட்டச் சொல்லு.

அப்ப குத்தகைதான்னு துள்ளாதே. குத்தகைக்குக் கையில ரொக்கம் வேணும். அந்த 50,000 எங்க? போன தீபாவளி போனஸைக் கேட்டா பாக்கெட்டைக் காட்டுறே, பாக்கெட்டுல போன் இருக்கு. ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் போட்டதுலேருந்து மார்கழி வரைக்கும் ராத்திரி ஷிப்டு ஓடுது, காசு வருது. பங்குனி, சித்திரையில எங்கிட்ட வந்து "மாமா, ஒரு ஐயாயிரம்"ங்கிற. சீக்கு காலண்டர் பாத்தா வரும்?

விருதுநகர்ல வீட்டுப் பொம்பளைக உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில போட்டு, அந்தப் பிடியரிசியாலயும் வியாபாரிக குடுத்த மகமையாலயும் பள்ளிக்கூடம் நடத்துன ஊருய்யா இது. காமராசர் படிச்ச சத்திரிய வித்யாசாலா அப்படி வளந்ததுதான். ஒரு பிடியில பள்ளிக்கூடம் நிக்கும்னா ஒரு 50,000 நிக்காதா? குத்தகைத் தாள்ல பிரீமியம் குறையும். தனி ஆள், குடும்பத் தாளுக்கெல்லாம் இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் 2025 செப்டம்பர் 22 லேருந்து கிடையாது. மிச்சமாகுறதை அந்த மாதிரி ஒரு பானையில போடு. மாசம் 4,200 போட்டா வருஷத்துல நெறைஞ்சிரும்.

பானை நெறையிற வரைக்கும் குத்தகை ஆபத்து. ஏன்னா, காசு இல்லாதவன் சீக்கை மறைப்பான். மதுரையில பொருளாதாரம் படிக்கிற என் மூத்த பேத்தி சொன்னா. அமெரிக்காவுல 1970-கள்ல ரேண்ட்னு ஒரு நிறுவனம் ஆயிரக்கணக்கான குடும்பங்களை வச்சு வருஷக்கணக்கா சோதிச்சுப் பாத்துச்சாம். கைக்காசு போடணும்னா ஜனங்க ஆஸ்பத்திரிப் பக்கம் போறதைக் குறைச்சிட்டாங்க. வேண்டாத வைத்தியத்தை மட்டும் இல்ல, வேண்டிய வைத்தியத்தையும் சேர்த்தே குறைச்சாங்க. ரத்தக் கொதிப்பு இருந்த ஏழைகளுக்கு இலவசம்தான் ஒத்துக்கிச்சாம். இதுக்கு அமெரிக்கா வரைக்கும் போகணுமா? என் தங்கச்சியைக் கேட்டா போதாதா? நெஞ்சு கரிக்குதும்பா, சீரகத்தண்ணி குடிச்சிட்டுப் படுத்துக்குவா. "பையன் இப்பத்தான் பைக் டியூ கட்டுறான்"ம்பா.

அவளைப் பத்திச் சொல்றேன், கேட்டுக்க. அவளுக்கு 64 வயசு, சக்கரை. அவளை உங்களோட ஒரே தாள்ல சேர்த்தா, மூத்த வயசை வச்சுத்தான் எல்லாருக்கும் பிரீமியம் போடுவான். தனித் தாள் போடு. 60 தாண்டுனவங்களுக்குப் பல கம்பெனி வாரம் இல்லாம விக்கிறதே இல்ல. ஆனா வாரத்துலயும் பேரம் இருக்கு. ஆரோக்ய சஞ்சீவனின்னு 2020-ல ஆணையம் எல்லாக் கம்பெனியையும் ஒரே மாதிரி விக்கச் சொன்ன தாள் இருக்கு. அதுல வாரம் 5 சதவீதம்தான். இந்த 20-ஐ நீட்டுறவன்கிட்ட அதையும் கேளு, மொகம் போற போக்கைப் பாரு. அவ சக்கரை மாத்திரைக்கு எந்தத் தாளும் வேண்டாம். 'மக்களைத் தேடி மருத்துவம்'னு 2021 லேருந்து வீட்டுக்கே கொண்டாந்து குடுக்குறாங்க. வாங்கி வைக்கிறா. முழுங்குறாளான்னு நீதான் பாக்கணும்.

படிவத்துல சக்கரை இருக்குன்னு எழுது. "எழுத வேண்டாம் சார், பிரீமியம் ஏறும்"னு ஏஜெண்டு காதைக் கடிச்சா, அவனுக்குத் தரகு நாளைக்கு, உனக்குத் தகராறு பின்னாடின்னு தெரிஞ்சுக்க. தரகன் சொல்றேன், நம்பு. முன்னாலேயே இருக்கிற சீக்குக்கு அதிகபட்சம் 36 மாசம் காத்திருந்தாப் போதும்னு 2024-ல விதியைக் குறைச்சிட்டாங்க. 60 மாசம் விடாமக் கட்டிட்டா, மோசடின்னு நிரூபிச்சாத்தான் பழசைக் கிளறி மறுக்க முடியும். உன் தம்பி பட்டாசு ஆலையில மருந்துக் கலவை ரூம்ல நிக்கிறான், நாளைக்கு அவனும் தாள் எடுப்பான். 'தனியார் வேலை'ன்னு எழுதி மழுப்ப வேண்டாம், உள்ளதை எழுதச் சொல்லு. அதை விட முக்கியமா, முதலாளி அவன் பேரை ஈ.எஸ்.ஐ.யில போட்டிருக்காரான்னு நாளைக்கே பாக்கச் சொல்லு. வேலை எடத்து விபத்துக்கு மொத நாள் லேருந்தே அதுல காப்பு இருக்கு.

என் தீர்ப்பு இதுதான். உனக்கும் என் மகளுக்கும் பிள்ளைகளுக்கும் குத்தகை. வருஷத்துக்கு ஒருக்க கழிக்கிற குத்தகை, ரூம் வரம்பு இல்லாதது. ஆனா பானையில 50,000 நெறைஞ்ச அன்னைக்குத்தான் கையெழுத்து. ஜூன் 30 வரைக்கும் ஈ.எஸ்.ஐ. இருக்கு, 30 நாளைக் கழிச்சா மே கடைசி உனக்குக் கெடு. அதுக்குள்ள நெறையலைன்னா ரெண்டு தாளையும் தள்ளு. ரெண்டும் இல்லாத வெறுந்தாளா, தொகை கம்மியா எடுத்துக்க. பானை நெறைஞ்சதும் மேல சூப்பர் டாப்-அப் போட்டுக்கலாம். உங்கம்மாவுக்கு மட்டும் நாளைக்கே எழுது, அவளுக்கு 36 மாசம் ஓடணும்.

தாள் கைக்கு வந்தப்புறம் 30 நாளைக்குள்ள பிடிக்கலைன்னு திருப்பிக் குடுக்கலாம். அந்த 30 நாளும் அது என் மக கையில இருக்கட்டும். அவ அடியெழுத்து வரைக்கும் படிப்பா. பானையும் அவ கையிலதான் இருக்கணும், உன் கையில இருந்தா அடுத்த தீபாவளிக்கு அது பேசும், போட்டோவும் பிடிக்கும்.

வர்றப்ப பால்கோவா கொண்டா, கால் கிலோ போதும். எனக்கும் சக்கரைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்க அத்தைகிட்ட இன்னும் சொல்லல.