உற்பத்தித் திட்டமும் பிதுக்கம்பருப்பும்

குந்தாரப்பள்ளியில் ஆட்டுச் சந்தை வெள்ளிக்கிழமை கூடும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை கறி கிடையாது. இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் நான் வாழ்க்கைப்பட்டு வந்தேன்.

விடிவதற்கு முன்பே கர்நாடகா, ஆந்திரா வண்டிகள் வந்து நிற்கும். தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்தைய வாரம் என்றால் கோடிக்கணக்கில் விற்பனை என்று பேப்பரிலேயே போடுவார்கள். அத்தனை ஆடும் வெளியே கத்திக்கொண்டு போகும்; உள்ளே நாங்கள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்போம். சனிக்கிழமை பெருமாளுக்கு. ஞாயிற்றுக்கிழமை அமாவாசையோ கிருத்திகையோ வந்து விழுந்தால் அதுவும் போச்சு. திங்கள் சிவன், செவ்வாய் முருகன், வியாழன் குரு. கடவுள்கள் எல்லோரும் பங்கு பிரித்துக்கொண்ட பிறகு நிச்சயமாக மிஞ்சுவது புதன்கிழமை. புரட்டாசியில் அதுவும் இல்லை.

என் வீட்டுக்காரர் ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டப் பிரிவில் இருக்கிறார். எந்த போல்ட் எந்த மெஷினுக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லுகிற மனிதர். நானும் அத்தையும் ராத்திரி பத்து மணிக்கு, "நாளைக்கு என்ன பண்றது?" என்று பேசிக்கொள்வது அவரை உறுத்தியிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எக்செல்லில் அட்டவணை போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார். ஏழு நாள், மூன்று வேளை, பொறுப்பாளர், மாற்று ஏற்பாடு. பொறுப்பாளர் என்ற இடத்தில் ஏழு நாளும் என் பெயர். மாற்று ஏற்பாடு என்ற இடத்தில் ஏழு நாளும் உப்புமா.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"திங்கக்கிழமை தக்காளி சாதம்னு போட்டிருக்கானே, தக்காளியக் கேட்டானா?"

நியாயமான கேள்வி. ராயக்கோட்டை மண்டி பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத் தக்காளியின் குணம் தெரியும். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, அரசாங்கமே அறுபது ரூபாய்க்கு ரேஷன் கடையில் வைத்து விற்க வேண்டி வந்தது. இன்னொரு சமயம் பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். முதல் வகை வாரத்தில் எங்கள் ரசம் புளியை நம்பி நிற்கும். இரண்டாம் வகை வாரத்தில் தக்காளித் தொக்கு, தக்காளிக் குழம்பு, தக்காளி சட்னி, போதாதற்குச் சொந்தக்காரர் தோட்டத்திலிருந்து இன்னொரு கிரேடு. எக்செல்லில் இதற்குக் கட்டம் கிடையாது.

கொழுந்தனாருக்கு இன்னொரு கம்பெனி. அங்கே வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். நைட் ஷிஃப்ட் முடித்து அவர் வரும்போது அட்டவணையில் காலை டிபன். அவருக்கோ அது ராத்திரிச் சாப்பாடு. "அண்ணி, இட்லியெல்லாம் வேணாம், சோறு இருக்கா?" என்பார். பகலெல்லாம் தூங்கி எழுந்து சாயங்காலம் இட்லி கேட்பார்.

இத்தனையையும் திட்டம் தாங்கிக்கொண்டது. அதை ஒழித்துக்கட்டியது அவரைக்காய்தான். மார்கழி பிறந்ததும் இந்தப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு பித்துப் பிடிக்கும். பெங்களூரில் ஜனவரியில் இதற்கென்றே மேளா நடத்துகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். காயை உரித்து, கொட்டையை ராத்திரி ஊறவைத்து, காலையில் ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலை எடுக்க வேண்டும். வீட்டில் யாரும் டி.வி. முன்னால் சும்மா உட்கார முடியாது. மடியில் ஒரு தட்டு வந்துவிடும். பிதுக்கம்பருப்புக் குழம்பு, அவரைக்கொட்டை உப்புமா, அவரைக்கொட்டை போட்ட காரக்குழம்பு. பொங்கல் தாண்டும்வரை வேறு காய்க்கு வீட்டில் அனுமதி இல்லை. 'புதன் - கோஸ் பொரியல்' என்ற கட்டத்தைப் பார்த்துக்கொண்டே என் வீட்டுக்காரர் கொட்டை பிதுக்கினார்.

அதற்கப்புறம் அவர் உத்தியை மாற்றினார். ஜப்பான் முறையாம், கான்பான். சாமான் தீரப்போகிறது என்றால் ஒரு அட்டையைத் தொங்கவிட வேண்டும். அட்டையைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். டொயோட்டாவின் தாயிச்சி ஓனோவுக்கு இந்த யோசனையே அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டிலிருந்துதான் வந்ததாம்: அலமாரியில் எடுத்த அளவுக்கு மட்டும் திரும்ப நிரப்புவார்கள் அல்லவா, அது. மளிகைக் கடையிலிருந்து ஜப்பான் போய், அங்கிருந்து ஓசூர் வந்து, கடைசியில் எங்கள் மளிகை அலமாரிக்கே வந்து சேர்ந்திருக்கிறது. அத்தை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு அலமாரியைக் கைகாட்டினார். துவரம்பருப்பு டின்னும் கொள்ளு டின்னும் படுக்கவைத்திருந்தன. தீரப்போகிற டின்னைப் படுக்கவைப்பது அவர் மருமகளாக வந்த நாளிலிருந்து நடக்கிற ஏற்பாடு. வியாழக்கிழமை ராத்திரி படுத்திருக்கிற டின்களை எண்ணி, வெள்ளிக்கிழமை பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போவார். அவருக்கு வாரம் பிறப்பதே வெள்ளிக்கிழமைதான். சூளகிரிக் கொத்தமல்லி கட்டு என்ன விலை, கீரை எது வந்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் அடுத்த ஏழு நாளும் முடிவாகும். அவர் அதை யாரிடமும் சொல்ல மாட்டார் என்பது மட்டும்தான் குறை.

அட்டவணையில் அத்தை கை வைக்காத கட்டம் ஒன்றே ஒன்று: புதன் இரவு, ராகிக் களியும் கறிக்குழம்பும். அன்றைக்கு அத்தையே அடுப்படியில் உட்கார்ந்து துடுப்பால் கிளறுவார். யாரையும் தொடவிட மாட்டார். 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தபோது, "நம்ம களிக்கு இப்பத்தான் அவங்க ஊர்ல தெரிஞ்சுதா?" என்று கேட்டதோடு சரி.

போன புதன்கிழமை என் வீட்டுக்காரர் வந்து தட்டு முன்னால் உட்கார்ந்தவர், உருண்டையைப் பார்த்து லேசாகத் தயங்கினார். கேன்டீனில் புதிதாக வாராந்திர மெனு போட்டிருக்கிறார்களாம், ஊட்டச்சத்து நிபுணரை வைத்து. மத்தியானமும் களிதான்.

அத்தை கரண்டியை நிறுத்தினார். "களிக்கு என்ன ஊத்துனாங்க?"

"சாம்பார்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"வேற கம்பெனி பாருடா" என்றார்.