கோழி சொன்னது, மேதைகள் கேட்கவில்லை

வைட்டமின் கண்டுபிடிப்புக்கு ஒரு சமையல்காரரின் முறைப்புதான் காரணம் என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். நோபல் பரிசு உரையிலேயே அந்தக் கதை வருகிறது.

1890 வாக்கில், இன்றைய ஜகார்த்தாவான பட்டாவியாவில், கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு ராணுவ டாக்டர் பெரிபெரி நோய்க்குக் கிருமி தேடிக்கொண்டிருந்தார். பெரிபெரி லேசுப்பட்ட நோய் இல்லை. கால் மரத்துப்போகும். சிலருக்குக் கால் வீங்கி, இதயம் பெருத்து, மூச்சு முட்டி ஆளே போய்விடுவார். எய்க்மான் கோழிகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தார். கோழிகள் தள்ளாடின. ஆஹா, அகப்பட்டது கிருமி! அடுத்த கூண்டைப் பார்த்தால், ஊசியே போடாத கோழிகளும் அதே ஸ்டைலில் தள்ளாடிக்கொண்டிருந்தன.

பிறகு ஒருநாள் எல்லாக் கோழிகளும் தாமாகவே தேறிவிட்டன. விசாரித்ததில் தெரிந்தது இது. அதுவரை ஆஸ்பத்திரி சமையலறையின் வெள்ளைச் சோற்று மிச்சம்தான் கோழித்தீனி. புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்து அரிசியை சிவிலியன் கோழிக்குத் தர முடியாது என்று சொல்லிவிட்டார். வேறு வழியின்றித் தவிடு போகாத மட்ட அரிசி போட்டார்கள். கோழிகள் பிழைத்தன. அரசாங்கக் கறார்த்தனத்தால் மனிதகுலம் பயனடைந்த ஒரே சம்பவம் இதுவாகத்தான் இருக்கும்!

இவ்வளவையும் கண்ணால் பார்த்த எய்க்மான் என்ன முடிவுக்கு வந்தார்? சோற்றில் ஏதோ விஷம் இருக்கிறது, தவிட்டில் அதற்கு முறிவு இருக்கிறது என்று. விஷமெல்லாம் இல்லை, தவிட்டில் இருக்கிற ஏதோ ஒன்று உடம்புக்குக் கிடைக்கவில்லை என்று 1901இல் சரியாகச் சொன்னவர் அவருக்கு அடுத்து வந்த கெரிட் கிரைன்ஸ். 1929இல் நோபல் பரிசுப் பட்டியலில் எய்க்மான் பெயர் இருந்தது. கிரைன்ஸுக்குக் கைதட்டும் வாய்ப்பு கிடைத்தது.

ஜப்பானில் இன்னும் ரகளை. கடற்படை டாக்டர் தகாகி கனெஹிரோ 1884இல் மாலுமிகளின் சாப்பாட்டை மாற்றிப் பெரிபெரியை விரட்டிக்காட்டினார். புரதம் குறைவதுதான் பிரச்சினை என்று அவர் நினைத்தது தப்பு. ஆனால் ஆட்கள் பிழைத்தார்கள். தரைப்படை டாக்டர் மோரி ஓகாய் என்பவரோ ஜெர்மனியில் படித்தவர், பெரிய இலக்கியவாதி வேறு. கிருமிதான் காரணம் என்று அவர் தரப்பு ஒரே பிடியாக நின்றது. 1904-05 ரஷ்யப் போரில் சிப்பாய்களுக்கு வஞ்சனையில்லாமல் வெள்ளை அரிசி போனது. பெரிபெரியில் மட்டும் ஏறத்தாழ 27,000 பேர் செத்தார்கள். ரஷ்யர்களுக்கு அந்தப் பக்கத்தில் வேலை மிச்சம்.

சரி, நம்ம பக்கம் வருவோம். அன்றைய சென்னை மாகாணத்தில் பெரிபெரி ஆட்டம் போட்டது வடக்கே ஆந்திரக் கடற்கரையில். பச்சரிசியை மில்லில் தீட்டிச் சாப்பிட்ட ஊர்கள் அவை. தமிழ்ப் பக்கம் அது ஏன் எட்டிப்பார்க்கவில்லை? புழுங்கல்! நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டோரம் இருக்கும் அந்த ‘ஏதோ ஒன்று’, அதாவது வைட்டமின் பி1, அரிசிக்கு உள்ளே இறங்கிவிடுகிறது. அப்புறம் மில்காரர் எவ்வளவு தீட்டினாலும் கொஞ்சம் மிஞ்சும். கள்ளக்குறிச்சிப் பக்கம் நெல் அவித்த ஆத்தாக்கள் ஊர்க்காரர்களின் இதயத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஸ்டாக்ஹோமிலிருந்து ஒரு போஸ்ட்கார்டு கூட வரவில்லை. கல்வராயன் மலைக்காரர்களோ சாமைச் சோறு சாப்பிட்டுக்கொண்டு, இந்தப் பஞ்சாயத்தில் தலையிடவே இல்லை.

இந்த ஆராய்ச்சிகளெல்லாம் நடந்த இடங்களில் ஒன்று நம்ம குன்னூர். அங்கே ராபர்ட் மெக்காரிசன் என்ற துரை, இந்தியாவின் ஒவ்வொரு வட்டாரச் சாப்பாட்டையும் எலிகளுக்குப் போட்டு மார்க் போட்டார். பஞ்சாபிச் சாப்பாட்டு எலி ஃபர்ஸ்ட் ரேங்க். மதராஸிச் சாப்பாட்டு எலி கடைசி பெஞ்ச். வருத்தப்படாதீர்கள். ஏழை இங்கிலாந்துக்காரனின் மெனுவையும் அவர் விட்டுவைக்கவில்லை: வெள்ளை ரொட்டி, மார்ஜரின், ஜாம், சர்க்கரை போட்ட டீ. அந்த எலிகள் வேலைக்காரர்களைக் கடித்தன, பிறகு ஒன்றையொன்று தின்ன ஆரம்பித்தன. துரைமார் ஆண்ட தேசத்தில் இப்படி ஒரு ரிசல்ட்டை வெளியிட்டதற்கே மெக்காரிசனுக்குத் தனியாக ஒரு சல்யூட்.

1929இல் அதே குன்னூருக்கு லூசி வில்ஸ் வந்தார். பம்பாய் மில் தொழிலாளிப் பெண்கள் கர்ப்ப காலத்தில் ரத்தமின்றி வெளுத்துப்போவது ஏன் என்று தேடிக்கொண்டிருந்தவர். வெளுத்துப்போன ஒரு குரங்குக்கு மார்மைட்டைக் கொடுத்துப் பார்த்தார், தேறியது. பெண்களும் தேறினார்கள். மார்மைட் என்றால் பீர் காய்ச்சியபின் மிஞ்சும் ஈஸ்ட்டில் செய்த கறுப்புப் பசை. பீர் தொழிற்சாலையிலிருந்து உடம்புக்கு நல்லது ஒன்றும் வந்திருக்கிறது என்பதை இத்துடன் பதிவு செய்துகொள்கிறோம்.

அந்தப் பசையில் இருந்தது ஃபோலிக் அமிலம். அதை 1945இல் அமெரிக்காவின் லெடர்லி கம்பெனியில் செயற்கையாகத் தயாரித்த குழுவின் தலைவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். கதர் அங்கியோடு ஆபரேஷன் தியேட்டருக்குப் போனதில் பேராசிரியருக்குக் கோபம் வந்து, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். என்ற சின்னப் பட்டத்தோடு வெளியே வந்தவர். உலகத்தில் பாதிக் கர்ப்பிணிகளுக்கு மாத்திரை கொடுத்தவருக்கு உள்ளூரில் கிரேடு பத்தவில்லை!

இதுவரைக்கும் வைட்டமின் ஒழுங்காகத்தான் இருந்தது. இல்லாதவனுக்குக் கொடுத்தால் எழுந்து உட்காருவான். பி1 இல்லாமல் வீங்கிய இதயம் அதே பி1 ஊசியில் ஓரிரு நாளில் அடங்குவதை டாக்டர்கள் பார்த்தார்கள். பார்த்ததும் வந்தது வினை. இல்லாதவனுக்கே இவ்வளவு செய்தால், இருக்கிறவனுக்கு எவ்வளவு செய்யும்?

கனடாவின் ஒன்டாரியோவில் ஷூட் சகோதரர்கள் என்ற டாக்டர்கள் 1940களில் வைட்டமின் ஈதான் இதயத்துக்கு அருமருந்து என்று கிளம்பினார்கள். அடுத்து வந்தார் லைனஸ் பாலிங். யாரோடும் பங்கு போடாமல் 2 நோபல் வாங்கிய ஒரே மனிதர். அவர் சொன்னால் கேட்காமல் இருக்க முடியுமா? வைட்டமின் சி சளிக்கு மருந்து என்று 1970இல் புத்தகம் போட்டார். பிற்பாடு இதயத்துக்கும் அதுவே என்றார். தினம் 18 கிராம் விழுங்கினார், அதாவது 250 ஆரஞ்சுக்குக் குறையாது. 93 வயது வரை இருந்தார். சளி மட்டும் உலகத்தைவிட்டுப் போகவில்லை.

கடைசியில் கணக்கைத் தீர்க்க ஒரு மலையாளி வரவேண்டியிருந்தது. கொட்டாரக்கரையில் பிறந்து, பெங்களூரில் டாக்டருக்குப் படித்து, ஷூட்களின் அதே ஒன்டாரியோவில் வேலை பார்த்த சலீம் யூசுஃப். அவரும் சகாக்களும் இதய ஆபத்துள்ள 9,541 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு வைட்டமின் ஈ, மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை என்று நாலரை வருஷம் கொடுத்தார்கள். 2000இல் ரிசல்ட்: வித்தியாசம் இல்லை. 2006இல் அடுத்த ரிசல்ட்: இந்த முறை 5,522 பேரை எடுத்து, பாதிப் பேருக்குச் சுப்பாராவின் ஃபோலிக் அமிலத்தோடு பி6, பி12 சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். மாரடைப்புக்குக் காரணமோ என்று சந்தேகப்பட்ட ஹோமோசிஸ்டீன் ரத்தத்தில் அழகாக இறங்கியது. லேப் ரிப்போர்ட் பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. மாரடைப்புக்கு ரிப்போர்ட் படிக்கும் பழக்கம் இல்லை, அது குறையவில்லை.

அப்படியானால் எல்லாம் வீண்தானா? இங்கே சிரிப்பைக் கொஞ்சம் நிறுத்திக்கொள்வோம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறித்தான் கண்ணையும் உயிரையும் பறிக்கிறது. அந்த அமிலத்தை உடம்பு சிதைத்து வெளியேற்ற ஃபோலேட், அதாவது ஃபோலிக் அமிலக் குடும்பத்து வைட்டமின், வேண்டும். அதனால்தான் மெத்தனால் சிகிச்சையில் துணை மருந்தாக ஃபோலினிக் அமிலம் இருக்கிறது. தினசரிக் குடியில் பி1 தீர்ந்துபோய் வருகிறவருக்கு பி1 ஊசி உண்மையிலேயே உயிர்காப்பு. பாலிங்கின் 18 கிராமுக்குக் கிடைக்காத மரியாதை, தேவைப்பட்ட இடத்தில் போகும் சில மில்லிகிராமுக்குக் கிடைக்கிறது.

இனி, நாம் என்ன கற்றுக்கொண்டோம் என்று பார்ப்போம். மில்லில் அரிசியைப் பளபளவென்று தீட்டித் தவிட்டை எடுத்துவிடுகிறோம். அப்புறம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12ம் கலந்து அரிசி வடிவில் செய்த மணிகளை நூற்றுக்கு ஒன்றாகச் சேர்த்து, ‘செறிவூட்டப்பட்ட அரிசி’ என்று ரேஷனில் கொடுக்க ஆரம்பித்தோம். அதை வாங்கிவந்த நம்ம ஜனம், இது பிளாஸ்டிக் அரிசி என்று முறத்தில் புடைத்துப் பொறுக்கி எறிந்தது. எடுத்த தவிடு என்ன ஆனது என்கிறீர்களா? ஒரு பங்கு மாட்டுத் தொட்டிக்குப் போயிற்று. இன்னொரு பங்கு எண்ணெயாகி, ‘இதயத்துக்கு நல்லது’ என்ற லேபிளோடு சூப்பர் மார்க்கெட்டில் நிற்கிறது. பார்த்து வாங்குங்கள், மாடு ஓசியில் சாப்பிடுகிற ஐட்டம் அது.